மஜீது பாயின் நகரா விசை

அப்துல் மஜீத் தூக்கத்திலும் தட்டச்சு அடிப்பார். இதை ஊருக்குச் சொன்னது அவர் மனைவி உம்மல் குல்சும். கல்யாணமான புதிதில், பிரியமாக முதுகைத் தட்டிக்கொடுக்கிறார் என்று நினைத்து அந்தம்மா ரொம்பவே சந்தோஷப்பட்டதாம். பிறகுதான் அது ‘மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு’ என்று தெரிந்ததாம். கோட்டைமேட்டுச் சொந்தக்காரர்கள் கூடுகிற விசேஷங்களில் வருஷத்துக்கு ஒரு தடவையாவது இந்தக் கதை வெளியே வந்துவிடும். மஜீதும் கூடவே சிரிப்பார். மறுத்ததே இல்லை.

மனு அடிப்பதுதான் அவர் தொழில். கோயமுத்தூர் ஆட்சியர் அலுவலகத்துக்கு எதிர்ச்சாரியில், அழகிரிசாமியின் ஜெராக்ஸ் கடை முன்னால் அவர் போட்டுவிட்ட ஒரு தகரக் கொட்டகை உண்டு. அதில் நாலு மேசை. ரோட்டோரத்து மேசை மஜீதுடையது. அதற்கு அடுத்தது மாரப்பனுடையது. திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள் என்பதால் கிணத்துக்கடவு, அன்னூர், சூலூர் என்று எங்கெங்கிருந்தோ சனம் வரும். பாதைக் குறை, பட்டாக் குறை, பங்காளிக் குறை. அத்தனையையும் கேட்டு, அழுகையையும் வசவையும் கழித்துவிட்டு, மிச்சத்தை ஒரு பக்கத்தில் அடித்துக் கொடுக்க வேண்டும். சொல்வதற்குச் சுலபம். எதிரில் இருக்கிறவர் மூக்கைச் சிந்திக்கொண்டு இருக்கும்போது ‘மேற்படி பொருள் தொடர்பாக’ என்று அடிக்கிறதற்கு ஒரு கல்மனசு வேண்டும். அது மஜீதுக்குக் கடைசிவரை முழுசாக வாய்க்கவில்லை.

ஆரம்பத்தில் அவரிடம் இருந்தது கனத்த தமிழ் டைப்ரைட்டர். சைக்கிள் கேரியரில் கட்டி, உக்கடத்துப் பக்கமிருந்து தினமும் மிதித்துக்கொண்டு வருவார். அதன் சத்தத்தைப் பற்றி இங்கேயே கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது விளங்காது. தமிழ் மெஷினில் ‘க்’ வேண்டுமென்றால் முதலில் புள்ளியைத்தான் அடிக்க வேண்டும், அப்புறம்தான் ‘க’. கையால் எழுதுவதற்கு நேர் எதிர். ஏனென்றால் புள்ளியை அடித்தால் காகிதம் நகராது, அதே இடத்தில் நிற்கும். அதன் கீழே ‘க’ வந்து உட்கார்ந்த பிறகுதான் ஓர் எழுத்து தள்ளிப்போகும். நகராது என்பதால் அதற்கு நகரா விசை என்றே பெயர். மற்ற எழுத்துகள் ‘டடக்’ என்று விழுந்து நகரும். புள்ளி வெறும் ‘டொப்’ என்று மொட்டையாக நிற்கும். இங்கிலீஷ் மெஷின் மழை மாதிரி ஒரே சீராக அடித்துக்கொண்டு போகும். தமிழ் மெஷின் இடையிடையே மூச்சு வாங்கும்.

அந்த மூச்சை வைத்துத்தான் மஜீது அடித்தார். கண் எப்போதும் எதிராளியின் முகத்தில் இருக்கும். கை பாட்டுக்கு ஓடும். காது காவல் காக்கும். ‘டொப்’ விழ வேண்டிய இடத்தில் ‘டடக்’ விழுந்தால் விரல் பிசகிவிட்டது என்று அர்த்தம். இப்படித்தான் செய்கிறோம் என்பது அவருக்கே தெரியாது. நடக்கிறவன் எந்தக் காலை முதலில் வைத்தோம் என்றா பார்க்கிறான்?

மாரப்பனுக்கும் அவருக்கும் அந்தக் காலத்தில் சத்தத்தால்தான் சண்டை. மாரப்பன் மெல்ல அடிக்கிற ஆள். மஜீது அடித்தால் மேசையோடு மேசை அதிர்ந்து மாரப்பனின் டீ தளும்பும். ‘பாய், அது மெஷினுங்களா, ரைஸ் மில்லுங்களா’ என்று கேட்காத நாள் கிடையாது. இன்றைக்கு அந்தக் கேள்வியை நினைத்தால் மஜீதுக்கு நெஞ்சு இளகிவிடும். அன்றைக்கு எரிச்சல்தான் வந்தது. எல்லோருக்கும் அப்படித்தான், இருக்கும்போது எதன் அருமை தெரிகிறது?

பிறகு கம்ப்யூட்டர் வந்தது. கொட்டகையில் நாலு பேரும் மாறினார்கள். மஜீது பழைய டைப்ரைட்டர் எழுத்து வரிசையையே கம்ப்யூட்டரிலும் போட்டுக்கொண்டார். அதில் அடிக்கிற முறையும் அதேதான், புள்ளி முதலில். விரலுக்கு ஒரு கஷ்டமும் வரவில்லை. சத்தம்தான் போயிற்று. தட்டையான கீபோர்டில் எல்லா எழுத்தும் ஒரே மாதிரி ‘சொத் சொத்’ என்றது. காது வேலையிலிருந்து நின்றுகொண்டது, கண் அந்த வேலையை எடுத்துக்கொண்டது. திரையைப் பார்த்துத் திருத்தப் பழகினார். பல வருஷம் அப்படியே ஓடிற்று.

சர்க்கரை கண்ணைப் பிடித்தது அறுபதை நெருங்கும்போது. லேசர், ஊசி எல்லாம் ஆயிற்று. ஓரப் பார்வை தங்கியது, நடுப் பார்வை போய்விட்டது. நடக்கலாம், பஸ் ஏறலாம், எதிரில் ஆள் நிற்பது தெரியும். முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கறுப்பு நிற்கும். படிக்க முடியாது.

அவர் அதை வெளியே சொல்லவில்லை. இத்தனை வருஷப் பழக்கம், பார்க்காமலே அடித்துவிடலாம் என்று நினைத்தார். ஒரு திங்கட்கிழமை அன்னூர்க்காரர் ஒருவருக்கு மனு அடித்தார். விரல்கள் ஒரு கட்டம் வலப்பக்கம் தள்ளி உட்கார்ந்துவிட்டன. முழுப் பக்கமும் ஒரு எழுத்து தள்ளியே அடித்துவிட்டார். அந்த மனிதருக்குப் படிக்கத் தெரியாது. வரிசையில் நின்று, முறை வந்து, மனுவைக் கொடுத்திருக்கிறார். வாங்கியவர் ‘இது எந்த ஊர் பாசைங்க’ என்று கேட்க, சுற்றி இருந்தவர்கள் சிரித்திருக்கிறார்கள். அவர் திரும்பி வந்து சண்டை போடவில்லை. காகிதத்தை மேசைமேல் வைத்துவிட்டு, ‘பரவாயில்லீங்க பாய், அடுத்த வாரம் வாரேன்’ என்று போனார். திட்டியிருந்தால்கூட மஜீது தாங்கியிருப்பார். மறுநாளிலிருந்து மஜீது கொட்டகைக்குப் போகவில்லை.

வீட்டில் இருப்பது அவருக்கு ஒத்துவரவில்லை. சும்மா இருக்கிற கை வம்பு பண்ணும். சோற்றுத் தட்டின் விளிம்பில் அடிப்பார், சோபாக் கையில் அடிப்பார். உம்மல் குல்சும் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிடும். மாரப்பன் அவ்வப்போது போன் பண்ணி, இடம் அப்படியேதான் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியாகப் பண்ணியபோது குரல் கம்மியிருந்தது. அழகிரிசாமி எத்தனை நாள்தான் பொறுப்பார், தை பிறந்தால் அந்த மேசையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடப் போகிறாராம். மஜீது ‘சரிப்பா’ என்று மட்டும் சொன்னார். அவருக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு மேசைதான். வேறு எங்கே உட்கார்ந்தாலும் அவர் வெறும் கண் தெரியாத மனிதர். அங்கே உட்கார்ந்தால் டைப்பிஸ்ட் மஜீது பாய்.

இவர்களுக்கு ஒரே மகள், இல்மா. சரவணம்பட்டியில் ஐ.டி. கம்பெனி வேலை. பாதி நாள் வீட்டு மாடியிலிருந்தே வேலை பார்க்கிறவள். அவளுக்கு ஒரு பைத்தியம் உண்டு, மெக்கானிக்கல் கீபோர்டு. அதில் ஒவ்வொரு எழுத்துக்கும் அடியில் தனித்தனி சுவிட்ச் இருக்கும், வேண்டியதைப் பிடுங்கி வேறு மாட்டலாம். சம்பளம் வந்ததும் பார்சல் வந்துவிடும். உளுந்து டப்பா, கடுகு டப்பா எல்லாவற்றிலும் சுவிட்ச். நெயில் பாலிஷ் பூசுகிற மாதிரி மெல்லிய பிரஷால் ஒவ்வொன்றுக்கும் கிரீஸ் தடவிக்கொண்டிருப்பாள். பச்சை, பீர்க்கம்பூ மஞ்சள், ரோஸ் என்று மேல்மூடிகள் வேறு. கட்டிக்கொள்ளப் போகிறவன் இதையெல்லாம் சீராக ஏற்றுக்கொள்வானா என்பது அவள் அம்மாவின் நிரந்தரக் கவலை.

தை நெருங்குவது இல்மாவுக்கும் தெரியும். அத்தா பழைய மெஷின் சத்தத்தைப் பற்றி ஏக்கத்தோடு பேசுவதைச் சின்ன வயதிலிருந்து கேட்டவள். அதனால் தன் கூட்டாளிகளிடமெல்லாம் விசாரித்து, இருப்பதிலேயே அதிகமாகச் சத்தம் போடுகிற சுவிட்ச்களை வரவழைத்தாள். எழுத்தே அச்சிடாத வெள்ளை மூடிகளைப் போட்டாள். தமிழ் டைப்ரைட்டர் எழுத்து போட்ட மூடி கிடைக்கவில்லை; கிடைத்தாலும் யார் படிக்கப் போகிறார்கள் என்று பின்னால் அத்தாவே சொல்லிச் சிரித்தார். ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிந்து அவர் வந்து உட்கார்ந்ததும் மடியில் வைத்தாள்.

விரல் வைத்து அழுத்தியதும் ‘டடக்’ என்றது. அவர் முகம் மலர்ந்தது. டடக், டடக். பக்கத்து வீட்டிலிருந்து எட்டிப் பார்த்து, பாய் மறுபடி மெஷின் வாங்கிவிட்டாரா என்று கேட்டார்கள். சைக்கிள் கேரியர், கயிறு, மழை பெய்தால் மெஷின் மேல் போர்த்துகிற ரெக்சின், தகரத்தின் மேல் விழும் மழையோடு போட்டி போட்ட தன் சத்தம் எல்லாம் அவருக்கு ஒரே சமயத்தில் வந்துபோயின. அன்றைக்கு அவர் அழுதார். இல்மாவும் அழுதாள். நன்றாக இருந்தது.

அப்புறம் ஒரு பக்கம் அடித்துப் பார்த்தார். இல்மா படித்தாள், படித்துக்கொண்டே வந்து நிறுத்திவிட்டாள். வரிக்கு வரி பிசகு. இன்னொரு தடவை அடித்தார், அப்போதும் அதே கதைதான்.

“நல்லா இருக்குது கண்ணு,” என்று சொல்லி அதை மெல்லத் தள்ளி வைத்தார்.

இல்மாவுக்குச் சுருக்கென்றது. அவருடைய ‘நல்லா இருக்குது’ எது உண்மை எது மரியாதை என்று அவளுக்குத் தெரியாதா? “அத்தா, புடிக்கலீன்னா சொல்லிப்போடுங்க. நானென்ன வெளியாளா?” என்றாள்.

பிடிக்காமல் இல்லை, ஆனால் என்னவோ சரியில்லை என்றார். எல்லாம் சேர்ந்து கத்துகிறது, கூட்டத்தில் ஆளைத் தேடுகிற மாதிரி இருக்கிறது, அந்த மெஷின் இப்படிக் கத்தவில்லை என்றார். அதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை. இல்மா மாடிக்குப் போய் ஒரு சின்னப் பலகையைக் கொண்டுவந்தாள். வாங்குவதற்கு முன்னால் அழுத்திப் பார்ப்பதற்காக, வகைக்கு ஒன்றாகச் சுவிட்ச் பதித்த பலகை. எந்தச் சத்தம் வேண்டுமோ நீங்களே பாருங்கள் என்று அவர் விரலை அதில் வைத்தாள்.

ஒவ்வொன்றாக அழுத்திக்கொண்டே வந்தார். ஒன்று கிளிக் என்றது, ஒன்று தொக் என்றது, ஒன்று பல்லி மாதிரி உச்சுக் கொட்டியது. கடைசி வரிசையில் ஒன்று மட்டும் மொட்டையாக அமுங்கியதோடு சரி. உள்ளே ரப்பர் வைத்து ஊமையாக்கிய சுவிட்ச். ஆபீசில் பக்கத்தில் இருக்கிறவர்களுக்குத் தொந்தரவு இல்லாமல் அடிப்பதற்காக அப்படி ஒன்று செய்கிறார்களாம். அதை அழுத்தினார். விட்டார். மறுபடி அழுத்தினார். பிறகு பக்கத்தில் இருந்த சத்தக்காரச் சுவிட்சையும் சேர்த்து, முதலில் ஊமை, அடுத்தது சத்தம் என்று நாலைந்து தடவை அடித்தார். டொப் டடக். டொப் டடக்.

“இது புள்ளி கண்ணு,” என்றார்.

அவளுக்கு விளங்கவில்லை. அப்போதுதான் அவர், காகிதம் நகராமல் நிற்பது, மொட்டைச் சத்தம், மூச்சு வாங்குவது எல்லாவற்றையும் சொன்னார். சொல்லச் சொல்லத்தான் அவருக்கே தெரிந்தது, இத்தனை காலம் எதைக் கேட்டு அடித்தோம் என்று. இல்மா கேட்டு முடித்தாள். பிறகு இடுக்கியை எடுத்து, புள்ளியும் அதன் கூட்டாளிகளான மற்ற நகரா விசைகளும் இருக்கிற இடங்களில் மட்டும் சுவிட்சைப் பிடுங்கி, ஊமையை மாட்டினாள். அவருக்கு அடிக்க அடிக்கக் காது மறுபடி வேலைக்கு வந்தது. பிசகினால் தெரிந்தது. அந்த வாரம் முழுக்க அவர் வீட்டில் அடித்த மனுக்களுக்குக் கணக்கில்லை. உம்மல் குல்சும் பேரில் குடிதண்ணீர்க் குறை, வீதி விளக்குக் குறை, சோறு குழைந்துபோன குறை எல்லாம் அடித்துக் கொடுத்தார். அந்தம்மா ஒவ்வொன்றிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது.

மார்கழியின் கடைசித் திங்கட்கிழமை இல்மா லீவு போட்டுவிட்டு, ஸ்கூட்டரில் அவரைக் கொட்டகையில் கொண்டுவிட்டாள். கீபோர்டை அவர் மேசையில் இருந்த கம்ப்யூட்டரிலேயே பொருத்தினாள். அழகிரிசாமி கடை வாசலுக்கு வந்து நின்றார். கல்லாவில் கண்டிப்பானவர், ஆனால் கெட்டவர் இல்லை. அன்னூர்க்காரர் விஷயம் மறுபடி நடந்தால் கொட்டகைக்கே பேர் கெட்டுப்போகும் என்பது அவர் கவலை. அதை நேராகவே சொன்னார். இன்றைக்கு ஒரு மனு அடியுங்கள், நானே படித்துப் பார்க்கிறேன், சரியாக இருந்தால் மேசை உங்களுடையது என்றார்.

வந்து உட்கார்ந்தது கிணத்துக்கடவுப் பக்கத்துப் பூவாத்தாள் என்கிற அம்மா. தோட்ட வேலைக்குப் போகிறவர். அவர்கள் காலனி முக்கில் டவுன் பஸ் நிற்காமல் போகிறது, சந்தைக்குப் போகிறவர்களும் படிக்கிற பிள்ளைகளும் வெகுதூரம் நடக்க வேண்டியிருக்கிறது என்பது குறை.

மாரப்பன் ஒரு காரியம் செய்தார். நல்ல எண்ணத்தில்தான் செய்தார். மஜீதுக்குக் காதுதான் முக்கியம் என்று இல்மா சொல்லக் கேட்டிருந்ததால், மற்ற இரண்டு மேசைக்காரர்களையும் அடிக்காமல் நிறுத்தச் சொல்லிவிட்டார். ஜெராக்ஸ் மெஷினையும் நிறுத்தச் செய்தார். கொட்டகையே கப்சிப். இரைச்சலுக்காக இவரோடு காலமெல்லாம் மல்லுக்கட்டிய மனுசன் இதைச் செய்தார் என்பதை மறக்கக்கூடாது.

அந்த அமைதியில் மஜீதுக்குக் கை வரவில்லை. எல்லோரும் தன்னையே பார்க்கிறார்கள் என்று முதுகு சொல்லிற்று. பூவாத்தாளின் வளையல் கேட்டது, ரோட்டில் பிரேக் போடுவது கேட்டது, தன் மூச்சு கேட்டது. முதல் வரியை அடித்தார். ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக உடைந்து விழுந்தது, ஒன்றோடு ஒன்று சேரவில்லை. நிறுத்தினார். மாரப்பன் திரையைப் பார்த்துவிட்டு, ‘இன்னொருக்கா அடிச்சுப் பாருங்க பாய்’ என்றார்.

மஜீது வியர்வையைத் துடைத்தார். அவர் டைப் படித்த இன்ஸ்டிடியூட் ஒரு சரக்குக் கிட்டங்கி மாதிரி நீளமான கூடம். ஒரு பேட்சுக்கு முப்பது மெஷின் ஒரே நேரத்தில் ஓடும். அங்கே ஒரு ஆள் பேசினால் அடுத்த ஆளுக்குக் கேட்காது, ஆனால் அவரவர் மெஷின் அவரவருக்குக் கேட்டது. அமைதியில் அடிக்க அவர் எப்போது படித்தார்?

“மாரப்பா, எல்லாரையும் அடிக்கச் சொல்லப்பா. நீயும் அடி,” என்றார்.

“உங்களுக்குக் கேக்க வேண்டாமுங்களா?”

“எனக்கு என்னுது கேக்கும். நீங்க நிறுத்துனாத்தான் பயமா இருக்குது.”

மாரப்பன் தலையாட்டினார். பிறகு ஜெராக்ஸ் பையனுக்குச் சைகை காட்டிவிட்டு, மற்ற இரண்டு பேரையும் அதட்டி அடிக்க விட்டார். தன் மேசையில் உட்கார்ந்து, வாழ்க்கையிலேயே முதல் தடவையாக, ஓங்கி ஓங்கி அடித்தார். என்ன அடித்தார் என்று கேட்காதீர்கள், அதை ஒருவரும் படிக்கவில்லை. கொட்டகை இரைந்தது. மஜீது முதல் வரியை அழித்துவிட்டு மறுபடி தொடங்கினார். பூவாத்தாள் சொல்லிக்கொண்டே வந்தார், இவர் முகத்தை அவர் பக்கம் திருப்பி, தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டே அடித்தார். டடக் டடக், டொப் டடக். நடுவில் ஓர் இடத்தில் மட்டும் அவர் புருவம் சுருங்கியது. கை நிற்கவில்லை. ஓட்டத்தை நடுவில் அறுக்கக்கூடாது, முடித்த பிறகுதான் திருத்தம் என்பது டைப்ரைட்டர் காலத்துப் பாடம்.

பிரிண்ட் வந்தது. அழகிரிசாமி மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு காகிதத்தை வாங்கினார். படிக்க வாயைத் திறப்பதற்குள் மஜீது சொன்னார்:

“பேருந்துன்னு ரெண்டாந்தடவ வர்ற எடத்துல விரலு பெசகிருச்சுங்க. மத்ததெல்லாம் சரியா இருக்கோணும்.”

அழகிரிசாமி அவரை ஒரு பார்வை பார்த்தார். மேலிருந்து கீழ்வரை விரல் வைத்துப் படித்தார். பேருந்து என்று இரண்டாவது தடவை வந்த இடத்தில் விரல் நின்றது. அங்கே தவறு இருந்தது. மேற்கொண்டு கடைசி வரி வரைக்கும் படித்தார். வேறெங்கும் இல்லை.

“எப்படிங்க பாய் தெரிஞ்சுது?”

“கேட்டுச்சுங்க.”

அழகிரிசாமி இதற்கு ஏதாவது பெரிதாகச் சொல்வார் என்று இல்மா எதிர்பார்த்தாள். அவர் காகிதத்தை மேசைமேல் போட்டார். “சரி, சீக்கரம் திருத்திக் குடுங்க. அந்தம்மா வரிசைல நிக்கோணுமல்ல. பின்னால இன்னும் நாலு பேரு உக்காந்திருக்காங்க, கெளப்புங்க கெளப்புங்க,” என்று சொல்லிவிட்டுக் கல்லாவுக்குப் போய்விட்டார்.

மாரப்பன் தவறு இருந்த இடத்தில் கர்சரைக் கொண்டுபோய் வைத்தார். மஜீது உடனே அடிக்கவில்லை. கண் போனதிலிருந்து அவரிடம் எல்லோரும் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: மெதுவா. மெதுவா வாங்க, மெதுவா உக்காருங்க, மெதுவா சாப்பிடுங்க, ஒண்ணும் அவசரமில்லை. ஒரு மனுசரும் அவரை இத்தனை நாளாக அவசரப்படுத்தவில்லை. அழகிரிசாமிதான் முதல் ஆள்.

“பாய், நேரமாவுதுங்க,” என்றார் பூவாத்தாள்.

“இதோ ஆச்சுங்கம்மா,” என்று மஜீது விசையில் விரல் வைத்தார்.